வீரா வந்த சேதி

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விடாமல் செய்யச் சொல்.

நாய்க் காப்பகத்திலிருந்து வயதான வீராவை எடுத்து வந்ததற்கு, "எடுத்ததுதான் எடுத்தாய், ஒரு குட்டியாகப் பார்த்து எடுத்திருக்கக் கூடாதா? ரெண்டே வருஷத்தில் உட்கார்ந்து அழப்போகிறாய்" என்று எழுதியிருந்தாய். இங்கேயும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அழப்போவது நிஜம்தான் மல்லிகா. ஆனால் அறுபதைத் தாண்டிய நான் ஒரு குட்டியை எடுத்தால், பதினைந்து வருஷம் அதை யார் பார்ப்பது? எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாகப் பட்டது. காப்பகத்தில் குட்டிகளை யாராவது வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூலையில் படுத்திருக்கிற கிழட்டு நாய் முன்னால் யாரும் நிற்பதில்லை.

வீரா ராஜபாளையம் ஜாதி. 2005-இல் தபால்தலையில் போட்டார்களே, அதே நாய்தான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. வளர்த்தவர்கள் வீடு மாறிப் போகும்போது காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போனார்களாம். பத்து வயதாவது இருக்கும் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார்.

காது சுத்தமாகக் கேட்காது. இந்த ஜாதியில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே அப்படி. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை. எழுப்ப வேண்டுமென்றால் பக்கத்தில் தரையைத் தட்டுவேன், அதிர்வு தெரிந்து தலையைத் தூக்குவான். ராத்திரி தோட்டத்திலிருந்து கூப்பிட வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறோம். கை ஜாடையிலேயே வருவான், உட்காருவான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பதை இவன் விஷயத்தில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் என் மகள் ஊருக்குக் கிளம்பினாள். கூடத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததுதான் தாமதம், வீராவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். பெட்டியையே பார்த்தபடி பின்னால் நகர்ந்து வந்து, என் புடவை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் போன பிறகும் வெகுநேரம் என்னை எழுந்திருக்க விடவில்லை. எதை நினைத்துப் பயந்தான் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி விட்டுப் போனவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்றபடி பின்னங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. டைல்ஸில் வழுக்குகிறான் என்று நடக்கிற வழியெல்லாம் தேங்காய்நார் விரிப்பு போட்டாயிற்று. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ரத்தம் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல் தெரிந்தது, மாத்திரையில் சரியானது. கண்ணில் நீலம் படர்ந்திருப்பது புரை இல்லையாம். வயதானால் லென்ஸ் இறுகுவது அப்படித் தெரியுமாம், பார்வைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. உன் தம்பி வீட்டிலும் நாய் இருக்கிறதே, சொல்லிவை: கால் வலி, காய்ச்சல் என்று நாம் போடுகிற பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. வெங்காயமும் திராட்சையும்கூட ஆகாது.

பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறீர்கள். பெட்டிகளை வண்டியிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோய்விடலாம், கூடத்தில் வைக்க வேண்டாம். உன் பேரனிடம் இப்போதே சொல்லிவிடு: வீராவுக்கு முன்னால் வந்து கையைக் காட்ட வேண்டும், தூங்கும்போது தொடக் கூடாது. எந்த ரயில் என்று எழுது, இவர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
சரஸ்வதி