கம்பளி குடுக்குற போட்டோ போதும் சார், இந்த நவம்பர்ல வேற ஒண்ணு போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

டெல்லில குளிர் ஆரம்பிச்சாலே உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் ஒரே மாதிரி போட்டோ வரும். ஒரு பக்கம் சால்வை போத்தின பிரமுகர், இன்னொரு பக்கம் கம்பளிய கையில வாங்கிட்டு, கேமராவ பாருன்னு சொன்னதால பாக்குற ஒரு பெரியவர். அதுல பாதி எங்க சர்ச் ஆளுங்களே எடுத்து அனுப்புறதுதான், அதனால உங்கள மட்டும் குறை சொல்லல. ஆனா அந்த பெரியவரோட முகத்த ஊரே பாக்கணுமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க, ஊர்ல அவர் பொண்ணு பாக்கலாம், சம்பந்தி வீட்ல பாக்கலாம். அத விட முக்கியமான விஷயம், அந்தக் கம்பளி விடிஞ்சதும் எங்க போகுதுன்னு யாரும் கேக்குறதில்ல. பிளாட்பாரத்துல படுக்குறவருக்கு பகல்ல அத வைக்க இடம் இல்ல, தூக்கிட்டு கூலி வேலைக்கு போக முடியாது, மறைச்சு வெச்சா குப்பையோட வாரிட்டு போயிருவாங்க, அதனால கிடைச்ச விலைக்கு தள்ளி விட்டுருவார். பழைய டெல்லி பக்கம் ராத்திரிக்கு மட்டும் ரஜாய் (பஞ்சு வெச்ச கனமான போர்வை) வாடகைக்கு விடுற தொழிலே ஒண்ணு இருக்கு, அது ஏன் நடக்குதுன்னா இதனாலதான்.

நான் கல்யாணம் ஆகி டெல்லி வந்தவ, சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிடையர் ஆயாச்சு, இப்ப எங்க பங்குல, அதாவது எங்க ஏரியா கத்தோலிக்க சர்ச்சுல இருக்குற தமிழ் அன்பியத்துக்கு பொறுப்பு. அன்பியம்னா தெரியாத வாசகர்களுக்காக சொல்றேன், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போயி பூசை பாத்துட்டு வர்றது ஒரு பக்கம், அது போக அக்கம்பக்கத்துல இருக்குற இருபது முப்பது குடும்பம் யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல பாய் விரிச்சு உக்காந்து நற்செய்தி வாசிச்சு பேசுறது. இதுக்கு தென்னாப்பிரிக்காவுல லும்கோங்குற மையத்துல உருவாக்கின ஏழு படி முறை ஒண்ணு இருக்கு. அதுல ஆறாவது படி, இப்ப நாம சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்னன்னு பேசி முடிவு பண்றது. பெரும்பாலான வீட்ல அஞ்சாவது படி முடியுறதுக்குள்ள சுண்டல் வந்துரும், ஆறாவது படி அடுத்த மாசம் யார் வீடுங்குற பேச்சோட முடிஞ்சிரும் (அன்பியத்துக்கு போறவங்க இத படிச்சா சிரிப்பாங்க).

எங்க குழு அந்த ஆறாவது படிய கொஞ்சம் உருப்படியா புடிச்சுக்கிட்டதுக்கு காரணம் நடந்து போற தூரத்துல ஒரு ரைன் பசேரா இருக்கு, அதாவது டூசிப்போட (டெல்லி கவர்மெண்ட்டோட ஷெல்டர் போர்டு, DUSIB) நைட் ஷெல்டர், தகரத்துல செஞ்ச போர்டா கேபின், ஒரு என்ஜிஓ பையன் கேர்டேக்கரா இருக்கான். சாப்பாடு கொண்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு அவன் சொன்னது, ஆன்ட்டி சாப்பாடு குடுக்க ஆள் இருக்கு, கூட ஆஸ்பத்திரிக்கு வர ஆள் இருந்தா சொல்லுங்க. அவன் சொன்னது நியாயம்தான். கோல் டாக்கானால எங்க பேராலயம் இருக்கு, அதுக்கு பக்கத்துலயே பங்ளா சாஹிப் குருத்வாரா, அங்க லங்கர்ல, அதாவது இலவச சாப்பாட்டுக் கூடத்துல, எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் பசியோட திருப்பி அனுப்புறதில்ல. நாலு வீட்டு குக்கர்ல புளிசாதம் கிளறி நாம அவங்களோட போட்டி போட வேண்டியதில்ல. எங்க ஏரியா குருத்வாராக்காரங்க கிட்டயே போயி பேசினோம், சாப்பாடு நீங்க பாத்துக்கோங்க, பேப்பர் வேலையும் ஆஸ்பத்திரியும் நாங்க பாக்குறோம்னு. சர்தார்ஜி ஒரே வார்த்தைல சரின்னுட்டார்.

பேப்பர் வேலைன்னா சாதாரணமில்ல சார். ஷெல்டர்ல இருக்குற ஒருத்தர் தன்னோட ஆஸ்பத்திரி ஓபி சீட்ட எடுத்துக் காட்டினார். எட்டா மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு சட்டைக்குள்ள வெச்சிருந்தது, வேர்வைல ஊறி மடிப்புல எல்லாம் கிழிஞ்சு மருந்து பேரே தெரியல. அவருக்கு டிபி. மாத்திரை இலவசம், அது போக சத்தான சாப்பாட்டுக்கு கவர்மெண்ட் மாசாமாசம் பேங்க்ல பணம் போடுது, முன்னாடி 500 இருந்தது, 2024 நவம்பர்லேர்ந்து 1,000 ரூபா. அதுக்கு அக்கவுண்ட் வேணும், ஆதார் இல்லாதவருக்கு அக்கவுண்ட் திறக்குறதே பெரும்பாடு, வீடே இல்லாதவர் அட்ரஸ் ப்ரூஃபுக்கு எங்க போவார். ஆனா வழி இருக்கு, அங்கீகாரம் உள்ள ஷெல்டரோட பொறுப்பாளர் அதுக்குன்னு இருக்குற படிவத்துல சான்று குடுத்தா ஆதார் சென்டர்ல எடுத்துக்கணும். அதே மாதிரி ஓட்டுரிமை, வீடில்லாதவர் வோட்டர் லிஸ்ட்ல பேர் சேக்க ஃபார்ம் 6 குடுத்தா அட்ரஸ் ப்ரூஃப் கேக்கக் கூடாது, பூத் ஆபீசர் ராத்திரில வந்து அவர் சொன்ன இடத்துல நெஜமாவே படுக்குறாரான்னு பாக்கணும், ஒரு ராத்திரி மட்டும் இல்ல, அதுக்கு மேலயும் வந்து பாக்கணும், இது தேர்தல் கமிஷனோட விதி. இதெல்லாம் கவுண்டர்ல இருக்குறவங்களுக்கே பாதி தெரியாது, அதனால விதிய பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கிட்டு கூட ஒரு ஆள் நிக்கணும். ஆபீஸ்ல முப்பது வருஷம் ஃபைல் தள்ளின எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேற என்ன தெரியும், இது நல்லா வரும். ஷெல்டர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், இவங்களுக்கு காப்பிக்கும் லேமினேஷனுக்கும் காசு வாங்குறதில்ல, ஒரிஜினல எங்க குழுவுல ஒரு டீச்சரம்மா பீரோவுல பேர் எழுதி வெச்சிருக்காங்க, கேட்டப்ப எடுத்து குடுப்பாங்க.

தமிழ் குழுவா இருக்குறதுல ஒரு தனி பிரயோஜனம் இருக்கு. ஷெல்டர்லேர்ந்து ஒரு நாள் போன், ஒருத்தர் வந்துருக்கார், யார் கூடவும் பேசல, பைத்தியம் போலன்னு. போன அவர் காதுல வெச்சதும் மடமடன்னு கொங்கு தமிழ்ல கொட்டுறார். திருச்செங்கோட்டு பக்கம், போர்வெல் லாரியோட உ.பி.க்கு வந்தவர், காய்ச்சல்ல விழுந்ததும் அங்கயே விட்டுட்டு வண்டி அடுத்த சைட்டுக்கு போயிருச்சு, போனும் தொலைஞ்சு போச்சு. அவருக்கு மூளைல ஒண்ணும் கோளாறு இல்ல, ஹிந்தி தெரியாது அவ்வளவுதான். தம்பி நம்பர் மட்டும் மனப்பாடமா தெரிஞ்சிருந்தது. டிக்கெட் நாங்க எடுத்தோம், ஆனா ரெண்டு ராத்திரி ரயில்ல ஒடம்பு சரியில்லாத மனுஷன தனியா எப்படி அனுப்புறது, அந்த நேரத்துல சபரிமலைக்கு கிளம்பின எங்க ஏரியா ஐயப்ப குரூப் எங்க கூட வரட்டும்னு கூட்டிட்டு போயி தம்பி கையில ஒப்படைச்சாங்க. நெஜமாவே மனநிலை சரியில்லாம வர்றவங்களுக்கு வேற வழி, 2017 மனநலச் சட்டப்படி அவங்கள பொது ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற பொறுப்பு போலீசுக்கு இருக்கு, ஷாதரா பக்கம் இப்பாஸ்ங்குற (IHBAS) கவர்மெண்ட் மனநல ஆஸ்பத்திரி இருக்கு. அங்கயும் பேஷண்ட் சொல்றத டாக்டருக்கு சொல்ல தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்.

மதம் மாத்த வந்திருக்கீங்களான்னு கேட்டாங்களான்னா, கேட்டாங்க. கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். ஷெல்டருக்குள்ள ஜெபம் கிடையாது, புத்தகம் கிடையாது, படம் கிடையாதுன்னு முதல்லயே எழுதி குடுத்துட்டோம், எங்க ஜெபம் எங்க வீட்டு ஹால்ல. இதுல எங்க ஆளுங்க சிலருக்கே வருத்தம், அப்புறம் இதுல கிறிஸ்தவம் எங்க இருக்குன்னு ஒரு அண்ணன் இன்னிக்கும் கேக்குறார். அவர்தான் வாராவாரம் டிபி மாத்திரை முழுங்கினாரா இல்லையான்னு போயி பாத்துட்டு வர்றவர்.

இதையெல்லாம் படிச்சுட்டு அப்ப கவர்மெண்ட் எதுக்குன்னு யாரும் விட்டுறக் கூடாது. ஊர் ஜனத்தொகைல லட்சம் பேருக்கு ஒரு ஷெல்டர், அதுவும் 24 மணி நேரமும் திறந்து இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே சொல்லிருச்சு. 2011 சென்சஸ்ல டெல்லில வீடில்லாதவங்க 46,724 பேர், ராத்திரில ரோட்ல நடந்து பாத்தவங்க யாரும் இந்த கணக்க நம்ப மாட்டாங்க. பொம்பளைங்களுக்கு, குடும்பத்துக்குன்னு இருக்குற ஷெல்டர் ரொம்ப கம்மி. அப்புறம் நம்ம ஆளுங்க கதை, ஜங்புரால மதராசி கேம்ப்ங்குற குடிசைப் பகுதிய 2025 ஜூன் 1ல இடிச்சாங்க, கிட்டத்தட்ட 370 வீடு, பெரும்பாலும் தமிழ் சனங்க. பாதி பேருக்குத்தான் நரேலாவுல வீடு வாங்க தகுதின்னு சொன்னாங்க, நரேலா எங்க இருக்கு ஜங்புரா எங்க இருக்கு, நாலு வீட்ல பாத்திரம் தேய்க்குற பொம்பள விடியக்காலைல எத்தனை பஸ் மாறி வருவா. வீடில்லாதவங்கன்னா பிளாட்பாரத்துல இருக்குறவங்க மட்டும்தான்னு நெனச்சா இவங்க யாரோட கணக்குலயும் வர மாட்டாங்க.

இப்ப என் கோரிக்கை. டூசிப்போட குளிர்கால ஏற்பாடு நவம்பர் 15லேர்ந்து மார்ச் 15 வரைக்கும். 2017லேர்ந்து எங்க திருச்சபைல ஏழைகளுக்குன்னு ஒரு உலக நாள் வருது, போப் பிரான்சிஸ் ஆரம்பிச்சது, அதுவும் நவம்பர் நடுவுலதான், அன்னிக்கு பாதி பங்குல பிரியாணி பொட்டலமும் போட்டோவும்தான். பொட்டலம் வேணாம்னு சொல்லல, ஆனா அன்னிக்கு உங்க பேப்பர்ல டூசிப் ஹெல்ப்லைன் நம்பரும், எந்தெந்த ஏரியால ஷெல்டர் எங்க இருக்கு, பொம்பளைங்களுக்கு எது, குடும்பத்துக்கு எதுங்குற லிஸ்டும் கால் பக்கம் போடுங்க, ஆதாருக்கும் ஓட்டுக்கும் உள்ள விதிய தமிழ்ல எளிமையா போடுங்க, வெட்டி பர்ஸ்ல வெச்சுக்கலாம். ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார், ஜனக்புரின்னு டெல்லில நம்ம ஆளுங்க சங்கமா, கோயில் கமிட்டியா, அன்பியமா எத்தனையோ குழுவா இருக்கோம். ஒரு குழு ஒரு ஷெல்டர எடுத்துக்கிட்டு வருஷம் முழுக்க அத மட்டும் பாக்கட்டும், எடுக்குறவங்க பேர நீங்க போடுங்க, படுத்துருக்குறவங்க முகம் மட்டும் வேணாம். பக்கம் நவம்பர் 15க்கு முன்னாடி வந்தா உபயோகமா இருக்கும், லிஸ்ட் சரி பாக்க ஆள் வேணும்னா எங்க குழு வந்து உக்காரத் தயார்.

இப்படிக்கு,
கிழக்கு டெல்லி வாசகி ஒருத்தி
(பேர் போட வேணாம் சார்)