ஆண்டறிக்கை 2023–24: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஆண்டுப் பொதுக்குழுவில் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக லிஃப்ட், ஜெனரேட்டர், பொங்கல் விழா என்று ஆரம்பித்துத் தண்ணீருக்கு ஒரு பத்தி ஒதுக்குவோம். இந்த வருடம் நேர்மாறு. செயற்குழுக் கூட்டங்களில் பெரும்பங்கு நேரம் தண்ணீருக்கே போனது. மற்றவற்றைக் கடைசியில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் வந்த புகார்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, கீசர் காயில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. எல்லாம் போர் தண்ணீரின், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் வேலை. லாரித் தண்ணீர் தட்டுப்பட்ட நாட்களில் போர் தண்ணீரைச் சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) கலந்து விட்டோம். அதன் பலன் இது.

இந்தச் சமயம் பார்த்து ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். வளாகம் முழுவதற்கும் ஒரே ஆர்.ஓ. இயந்திரம் (தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்குவது) போடலாம் என்று திட்டம் காட்டினார். கிளப் ஹாலில் நடந்த செய்முறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். மின்கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் வைத்து ஸ்விட்சைப் போட்டார். நம் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, கசடு திரண்டு மிதந்தது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. "இதைத்தான் சார் உங்க குழந்தைங்க குடிக்கிறாங்க" என்றதும் ஹாலில் சத்தமே இல்லை.

சி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை அம்மா எழுந்து வந்து, அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "இப்ப மறுபடி ஸ்விட்சைப் போடுங்க தம்பி" என்றார். அதுவும் பழுப்பாகிவிட்டது. கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. உப்புக் கலந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், துருப்போலக் கசடாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரமும் அவ்வளவாகப் பாயாது. அன்று டம்ளரில் நாம் பார்த்த அழுக்கு கம்பியிலிருந்து வந்தது. பிரதிநிதி அதற்குப் பிறகு நம் வளாகத்துக்கு வரவில்லை.

அந்த அம்மாவின் யோசனைப்படிதான், இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பலரிடம் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து மொத்த உப்பை மதிப்பிடும் கருவி. கடினத்தன்மை என்பது அந்த உப்பில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பது; பருப்பு வேகாததும் நுரை வராததும் அதனால்தான். கடலோரத்து போரில் சோடியம் உப்பு ஏறினாலும் மீட்டர் எகிறும். கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

எனவே கடினத்தன்மைக்கு ஒரு சோதனைப் பெட்டி வாங்கினோம். முறை எளியது. 50 மி.லி. தண்ணீரில் காரத்தன்மையை நிலையாக வைக்கும் அம்மோனியா பஃபர் கொஞ்சம், பிறகு எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி. தண்ணீர் திராட்சைரச நிறமாகும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ரசநிறம் ஊதாவாகி, பிறகு சட்டென்று சுத்த நீலமாகும். அந்தக் கடைசிச் சொட்டுக்கு மட்டும் பொறுமை வேண்டும்; அவசரப்பட்டால் கணக்குத் தப்பும். செலவான மி.லி.யை 20ஆல் பெருக்கினால் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று கிடைக்கும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருவர் இப்போது அம்மாவைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள்.

மழைக்கு முன் போர் தண்ணீருக்கு 34 மி.லி. செலவானது. அதாவது 680. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500படி ஏற்கத்தக்க அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. நம் போர் அதையும் தாண்டிவிட்டது. மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர், 200க்குள்ளேயே இருந்தது.

அப்புறம் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் பள்ளிக்கரணைப் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து சம்ப் மூடிக்கு மேல் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சம்பில் தண்ணீர் தெளிந்திருந்தது. "கலங்கலே இல்லையே, மோட்டாரைப் போடுங்க" என்று சிலர் கேட்டீர்கள். ஆர்வத்தில் அதிலும் ஒரு மாதிரி எடுத்து அளந்தோம்: 120. மழைத் தண்ணீர் சேர்ந்ததால் இந்த ஆண்டு சம்பில் அளந்ததிலேயே குறைவான கடினத்தன்மை அதுதான். சாக்கடை கலந்ததும் அதுதான். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மி.லி.யில் இருக்கவே கூடாது என்கிறது அதே ஐ.எஸ். தரம். சம்பை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்து, அதையும் வெளியேற்றிய பிறகுதான் புதுத் தண்ணீர் ஏற்றினோம். அந்த நாட்களில் குடத்தோடு நின்ற பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மறுபடி வெள்ளம் வந்தாலும் இதையேதான் செய்வோம்.

அன்றிலிருந்து குளோரின் போடும் முறையையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் என்ற கணக்கு வரும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். கசடையும் சேர்த்துக் கொட்டினால் நாமே கையால் கடினத்தன்மையை ஏற்றுகிறோம். அரை மணி நேரம் விட்டு, குழாயில் பிடித்த தண்ணீரைச் சோதித்து, மிச்சக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்கிறதா என்று வாட்ச்மேன் நோட்டில் எழுதுகிறார். திறந்த பை வீரியம் இழக்கும் என்பதால் சிறு பைகளாக வாங்குகிறோம்.

ஏ பிளாக் தாத்தா ஒருவர் தேத்தாங்கொட்டையைப் பரிந்துரைத்தார். கலங்கலைத் தெளிய வைப்பதில் அது கெட்டிக்காரப் பொருள்தான், ஆனால் உப்பையோ கிருமியையோ அது நீக்கிவிடும் என்று நம்பி இருக்க முடியாது. காய்ச்சினால் கிருமி சாகும், பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மையும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து குறையும். சல்பேட், குளோரைடால் வருவது அப்படியே நிற்கும்.

பொங்கலுக்குப் பிறகு போரை மறுபடி அளந்தபோது 460. அது மழைநீர் சேகரிப்புக் குழிகளின் கைங்கரியம். 2003இல் சட்டமானதும் தோண்டிய குழிகளைப் பல வருடம் மண் மூட விட்டிருந்தோம். செப்டம்பரில் தூர்வாரிச் சல்லியும் மணலும் மாற்றினோம். இந்த ஆண்டுச் செலவுகளில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இதுதான்.

இப்போது உங்கள் ஒப்புதலுக்கு இரண்டு விஷயம். ஒன்று, சமையலறைக் குழாய்க்கு மெட்ரோ தண்ணீர், குளியலறைக்கும் கழிப்பறைக்கும் போர் என்று குழாயைப் பிரிப்பது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 150 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருப்பதால் தென்சென்னைக்கு வரத்து கூடும் என்று நம்புகிறேன். இரண்டு, போர் குழாய் வரிசையில் கடினத்தன்மையைக் குறைக்கும் ஒரு சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். கீசர் பிழைக்கும், நுரை வரும். ஆனால் டி.டி.எஸ். குறையாது; மீட்டரோடு ஆபீஸுக்கு வர வேண்டாம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம்.

பொது ஆர்.ஓ. வேண்டாம் என்பது என் கருத்து. எடுக்கும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கைச் சாக்கடைக்கு விடும் இயந்திரம் அது. டி.டி.எஸ். 500க்குக் கீழ் உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டுக்குக் குளோரினும், வேண்டுமானால் கிருமியைக் கொல்லும் ஒரு யூ.வி. (புற ஊதா) விளக்கும் போதும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் விவாதத்தில் பேசலாம்.

மற்றவை: பி பிளாக் லிஃப்டின் ரோப் மாற்றப்பட்டது. கேமராக்களில் இரண்டு வெள்ளத்தில் போயின, புதிது போட்டாயிற்று. பார்க்கிங் கோடு இன்னும் அடிக்கவில்லை. பொங்கல் விழா எளிமையாக நடந்தது. பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். பெயர் வாசிக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டிருக்கிறேன்.

வெள்ள நாட்களில் சம்பு வேலை பார்த்த ப்ளம்பர், வாட்ச்மேன்கள், துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தை ஊக்கத்தொகையாகத் தரலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இந்த அறிக்கையோடு அதையும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.