மாடியேறி வந்து கேள்வி கேட்ட தம்பிக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று இப்போது குறைசொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்கும் நிம்மதியோடு இதை எழுதுகிறேன்.

புயலிலும் வெள்ளத்திலும் நடந்தவற்றை நீங்களும் சேர்ந்தே பட்டதால் மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஓடும் வெள்ளம் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரை இழுத்துப் போய்விடும் என்று சொல்லி, வசவு வாங்கிக்கொண்டே வண்டிகளைத் திருப்பி அனுப்பிய இளைஞர்களுக்கும், அறுந்து கிடந்த கம்பிகளின் பக்கம் ஒருவரும் போகாதபடி இருட்டில் காவல் நின்றவர்களுக்கும், மின் ஊழியர்களுக்கும், ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கும் என் வணக்கங்கள்.

கீழ்வீட்டுத் தம்பியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புயல் ஓய்ந்ததுமே ஆபத்து விலகிவிடுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். மழை விட்ட மறுநாளே வெயில் பழையபடி ஏறியது. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலரவில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. மின்சாரமும் இல்லாத, அம்மா இருந்த மேல்மாடி வீட்டில் இரவிலும் சூடு தணியவில்லை. நானோ வெள்ளத்துக்கு மறுபக்கம் சிக்கியிருந்தேன். அவர்தான் இரவு பகல் பாராமல் படியேறி வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

வந்தவர் "நலமா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வயதானவர்கள் எந்த நிலையிலும் நலம் என்றுதான் சொல்வார்கள். மாறாக, வெப்பம் கடுமையாகத் தாக்கினால் நினைவு தடுமாறும் என்பதால், இன்று என்ன கிழமை, பேரன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று வருகைக்கு ஒன்றாகக் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தம்மைச் சோதிக்கிறாரே என்று அம்மாவுக்கு எரிச்சலாம். ஒரு பிற்பகலில், "எந்தப் பேரன்?" என்று அம்மா திருப்பிக் கேட்டதும் அவர் தாமதிக்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அம்மாவைக் கீழே தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுவதும் தண்ணீரால் நனைத்து, வண்டி வரும்வரை அட்டையால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார். நினைவு தடுமாறும் ஒருவருக்கு வாயில் தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும் என்பதால், சுற்றி நின்றவர்கள் வற்புறுத்தியும் புகட்ட விடவில்லை. உடல் வெப்பம் நாற்பது டிகிரி செல்சியஸைக் கடந்திருந்ததாகவும், வண்டி வருமுன்பே குளிர்விக்கத் தொடங்கியது பெரும் உதவி என்றும் மருத்துவர் கூறினார்.

தம்பி, முதலுதவி எவரும் கற்றுக்கொள்ளக்கூடியது. கேட்டதையே கேட்டு, ஒரு கிழவியின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு, மறுபடியும் படியேறி வந்த உங்கள் பொறுமைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த கோடையில் இப்படிக் கதவுகளைத் தட்டும் வேலையில் பாதி என்னுடையது. வெப்பம் எளிதில் தாக்கக்கூடியவர்களான, தனியாக இருப்பவர்கள், மேல்மாடியில் வசிப்பவர்கள், நீர் பிரிவதற்கான மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோரின் பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.