கலாஜீ

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பர்மா பஜாரில் அத்தோ சாப்பிட்டதாக எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய். மூட்டுவலி எனக்கும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் பேத்தியோடு காளி கோயில் பக்கத்துச் சந்தைக்குப் போனேன். கடலை விற்கும் அம்மாளிடம் முப்பது வருடமாக வாங்குகிறேன். என் தலை தெரிந்ததும் "வா, கலாஜீ!" என்றாள். அரை வீசை நிறுத்துப் போட்டு, மேலே ஒரு பிடி பச்சை மிளகாயும் வைத்தாள். மிளகாய்க்குக் காசு வாங்குவதில்லை, அது எங்கள் வழக்கம். பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. முந்தின நாள் பஸ்ஸில் ஒருவன் அவளை "ஏ கலாமா, தள்ளி நில்" என்றானாம். அவளுக்கு இரண்டும் ஒரே சொல், இந்திய வம்சத்தாரான நம்மைப் பர்மியர்கள் இளக்காரமாக அழைக்கும் 'கலா'. எனக்கு அப்படிப் படவில்லை. ஏன் படவில்லை என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

பிறக்கும்போதே கெட்ட சொல் இல்லையே அது! மேற்கிலிருந்து வந்தவனெல்லாம் கலா. வெள்ளைக்காரன்கூட கலாபியூ, வெள்ளைக் கலா. தரையில் அமர்ந்து பழகியவர்களுக்கு நாற்காலி 'கலாதைங்', கலா உட்காருவது. கொண்டைக்கடலை 'கலாபெ'. கசப்பு பிறகுதான் ஏறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு; 1938இல் 25. நெல் விலை விழுந்து, கடனுக்கு வயலைக் கொடுத்தவன் அந்தச் சொல்லை இனிக்க இனிக்கவா சொல்வான்? அந்த இரண்டு வருடங்களிலும் நடந்த கலவரங்களைப் பற்றி நம் தாத்தாக்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது நினைவிருக்கிறதா?

ஒரு வேடிக்கை. 2017இல் ஃபேஸ்புக் இந்தச் சொல் வந்த பதிவுகளை நீக்கத் தொடங்கியது. நாற்காலியையும் கடலையையும் பற்றி எழுதியவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்!

இதையெல்லாம் பேத்திக்கு விளக்கி, "அந்த அம்மாள் பிரியமாகத்தான் சொல்கிறாள்" என்றேன். அவள் கேட்டாள்: "பாட்டி என்னைச் சண்டாளி என்று கொஞ்சுகிறார்களே, அது யாரைச் சொன்ன சொல், தாத்தா?"

வாயடைத்துப் போனேன். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்களின் பெயரை நாம் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொல்லி வந்திருக்கிறோம். கேட்டால் வலிக்கக்கூடியவர் எவரும் நம் முற்றத்தில் இருந்ததில்லை, அதனால் அது செல்லமாகிவிட்டது. என் மனைவி இரண்டு நாளாகக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். குழந்தையோ "என்மேல் கோபமா, பாட்டி?" என்கிறாள்.

சனிக்கிழமை தனியாகச் சந்தைக்குப் போய், என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். முப்பது வருடத்தில் அவளுக்கு என் பெயர் தெரியாது. எனக்கும் அவள் பெயர் தெரியாது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை. தலையை ஆட்டிவிட்டு மரியாதையாகக் கடலையை நிறுத்தாள்.

மிளகாய்க்கும் காசு வாங்கிக்கொண்டாள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்