ஹைன்கெஸுக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை ஸ்போர்ட்ஸ் பக்கத்துல ஜெர்மன் ஃபுட்பால் கோச்சுங்களைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். க்ளோப், டூகல், ஃப்ளிக்னு ஆளுக்கு ஒரு பத்தி குடுத்திருந்தீங்க, யுப் ஹைன்கெஸுக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் கார்டியோலாவுக்கு முன்னாடி பேயர்ன் மியூனிக்ல இருந்தவர்னு. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

அவரு கோச் ஆகறதுக்கு முன்னாடி எப்பேர்ப்பட்ட ஸ்ட்ரைக்கர் தெரியுமா. சொந்த ஊர் டீம் மோன்ஷென்கிளாட்பாக், நடுவுல 3 வருஷம் ஹனோவர், மொத்தம் 369 புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) மேட்ச்ல 220 கோல், அதுல அதிக கோல் போட்டவங்க லிஸ்ட்ல கெர்ட் முல்லர், லெவண்டோவ்ஸ்கி, கிளாஸ் ஃபிஷர் மூணு பேருக்கு அடுத்து இவருதான். 1974 உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்லயும் இருந்தாரு. 1978 ஏப்ரல்ல அவரோட கடைசி லீக் மேட்ச், டார்ட்மண்டை 12-0ன்னு போட்டுத் தாக்குறாங்க, அதுல 5 கோல் இவரோடது, அப்படியும் டைட்டில் கிடைக்கல, பாயின்ட் சமமா இருந்தும் கோல் வித்தியாசத்துல வெறும் 3 கோல் முன்னாடி இருந்த கோல்ன் டீம் கப்பைத் தூக்கிட்டுப் போயிடுச்சு.

கோச்சா வந்தப்பவும் இதே கதைதான். பேயர்னுக்கு 1989, 1990 ரெண்டு வருஷமும் லீக் ஜெயிச்சுக் குடுத்தாரு, 1991 அக்டோபர்ல டீம் தடுமாறுதுன்னு அனுப்பிட்டாங்க. அதுதான் என் வாழ்க்கையில பண்ண பெரிய தப்புன்னு பின்னாடி அப்போ பேயர்ன் நிர்வாகியா இருந்த உலி ஹோனஸே ஒத்துக்கிட்டாரு. 1998ல ரியல் மாட்ரிட்டுக்கு 32 வருஷம் கழிச்சு ஐரோப்பிய கப் (சாம்பியன்ஸ் லீக்) வாங்கிக் குடுத்தாரு, ஃபைனல்ல யுவென்டஸை 1-0ன்னு ஜெயிச்சாங்க. லீக்ல 4வது இடம்னு சொல்லி அந்தக் கப் வந்த சில நாள்லயே அவரை வெளிய அனுப்பிட்டாங்க. எந்த ஊரு நியாயம் சார் இது?

நான் சொல்ல வந்த விஷயமே 2012தான். அந்த சீசன்ல பேயர்ன் லீக்ல ரெண்டாவது, ஜெர்மன் கப் ஃபைனல்ல டார்ட்மண்ட்கிட்ட 5-2ன்னு தோல்வி, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் சொந்த கிரவுண்ட்ல, 83வது நிமிஷம் தாமஸ் முல்லர் கோல் போட்டு கப் கைக்கு வந்த மாதிரியே இருந்துச்சு, 88ல செல்சியோட ட்ரோக்பா கார்னர்ல தலையால முட்டி சமம் பண்ணிட்டாரு, எக்ஸ்ட்ரா டைம்ல ராபன் பெனால்டியை மிஸ் பண்ணாரு, ஷூட்அவுட்ல ஷ்வைன்ஸ்டைகர் அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு, செல்சி ஜெயிச்சுட்டாங்க. மூணுலயும் ரெண்டாவது. 1991 மாதிரி இந்தத் தடவையும் பொறுமை இழந்து அவரை மாத்தியிருந்தா?

மாத்தல. அவரு ஸ்பெயின் டீம் பில்பாவோல இருந்து ஹாவி மார்ட்டினெஸை 40 மில்லியன் யூரோவுக்கு எடுக்க வச்சாரு, விங்கர்ஸ் ராபனையும் ரிபெரியையும் பின்னாடி ஓடி வந்து டிஃபென்ஸ் பண்ண வச்சாரு, எனக்கு அதுதான் பெரிய சாதனை. 2013 ஜனவரியிலயே அடுத்த கோச் கார்டியோலான்னு அறிவிச்சுட்டாங்க, வேற யாராவது இருந்தா கடமைக்கு சீசனை முடிச்சிருப்பாங்க, இவரு பார்சிலோனாவை ரெண்டு மேட்ச் சேர்த்து 7-0ன்னு அடிச்சு லண்டன் வெம்ப்ளில நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்குப் போனாரு. அங்க 89வது நிமிஷம் ஜெயிக்கிற கோலைப் போட்டது அதே ராபன். மூணு கப்பும் ஒரே சீசன்ல.

அந்த வருஷம் கடைசி லீக் மேட்ச் மோன்ஷென்கிளாட்பாக்லயே அமைஞ்சது, 4-3ன்னு ஜெயிச்சுட்டு பிரஸ் மீட்டுக்கு வந்து உக்காந்தவரு பேச முடியாம அழுதுட்டாரு. அப்பவே 68 வயசு. அதுக்கப்புறமும் 2017ல அப்போ கோச்சா இருந்த ஆஞ்செலோட்டியை நீக்கினதும் பேயர்ன் கூப்பிட்டது இவரைத்தான், 72 வயசுல வந்து லீக்கையும் ஜெயிச்சுக் குடுத்துட்டுப் போனாரு.

அதனால ஒரு வேண்டுகோள், அடுத்து அவரைப் பத்தி எழுதும்போது 2013 கப்போட சேர்த்து 2012ல வாங்கின அடியையும் எழுதுங்க, ஒரு பக்கமாவது ஒதுக்குங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையோட நீண்ட நாள் வாசகன்