பார்ப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரே பொத்தானா?

ஏஐ உதவியாளர்களை விற்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றுக்குத் தங்கள் சேவைகளில் வாசல் திறந்துவிடும் நிறுவனத்தாருக்கும், பெங்களூரு அல்சூரிலிருந்து வணக்கம்.

வளைகாப்பு, நிச்சயதார்த்தம், புதுமனைப் புகுவிழா என்று 22 ஆண்டுகளாகச் சமைத்துப் போடுகிறவன் நான். மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் உங்கள் உதவியாளரோடு இணைத்தால் வேலை குறையும் என்றீர்கள். இணைத்தேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலையே இல்லாமல் போய்விட்டது.

அன்று இந்திரா நகரில் ஒரு வளைகாப்பு, 120 இலை. அதற்கு அடுத்த வெள்ளியன்று புதுமனைப் புகுவிழா வைத்திருந்த இன்னொருவர், 'வெள்ளிக்கிழமை விசேஷத்தை ஒரு வாரம் தள்ள முடியுமா?' என்று மின்னஞ்சல் போட்டிருந்தார். என்னிடம் இருக்கும் எடுபிடிப் பையன்கூட, 'எந்த விசேஷம் அண்ணா?' என்று கேட்டிருப்பான். உங்கள் உதவியாளர் கேட்கவில்லை. வளைகாப்பைத் தூக்கி அடுத்த வாரத்தில் வைத்துவிட்டு, 'மாற்றியாகிவிட்டது' என்று அவருக்குப் பதிலும் அனுப்பிவிட்டது. நாட்காட்டியைப் பார்த்த என் சமையல் மாஸ்டர், வேலை இல்லை என்று வியாழன் இரவே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்காவது நினைவிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நினைவில் வைக்கிற பாடு வேண்டாம் என்றுதானே உங்களிடம் வந்தேன்!

பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி. 'வளையல் போட்டு முடித்துவிட்டோம், இலையும் போட்டாகிவிட்டது, வண்டி எங்கே?' புளியோதரை, தேங்காய் சாதம் என்று ஐந்து வகைச் சாதம் கேட்டிருந்தார்கள். மூன்று ஓட்டல்களில் கெஞ்சி வாங்கிய தயிர் சாதப் பொட்டலங்களோடு நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. ஏழு மாதக் கர்ப்பிணி, பட்டுப்புடவையோடு, ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்களிடம் முறையிட்டேன். பதில் சொன்னதும் ஓர் ஏஐதான். 'உங்கள் வருத்தம் புரிகிறது' என்று தொடங்கி, 'இணைக்கும்போது நீங்கள் அனுமதி அளித்திருக்கிறீர்கள்' என்று முடித்தது.

அளித்தேன், ஐயா. பார்க்க, திருத்த, நீக்க, அனுப்ப என்று நான்கையும் ஆங்கிலத்தில் ஒரே பத்தியாக எழுதி, கீழே ஒரே பொத்தானை வைத்திருந்தீர்கள். சமையற்கட்டைப் பெருக்க வருகிறவர் பீரோச் சாவியையும் கேட்டால் கொடுப்போமா? பார்ப்பதற்கு ஓர் அனுமதி, மாற்றுவதற்கு வேறோர் அனுமதி. இதுதான் என் கோரிக்கை.

முடியாத காரியமும் அல்ல. உங்கள் தொழிலிலேயே இருக்கும் என் தங்கை மகன் சொன்னான்: கடவுச்சொல்லைக் கொடுக்காமல், இன்னதற்கு மட்டும் என்று அளந்து அனுமதி தரும் ஓஆத் 2.0 முறை 2012-லேயே வந்துவிட்டது. ஏஐ உதவியாளரை வெளிச் சேவைகளோடு இணைக்க 2024 நவம்பரில் அறிமுகமான எம்சிபி என்ற நெறிமுறையிலும், உதவியாளர் இயக்கும் ஒரு கருவி படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கவும் செய்யுமா என்று குறித்துவைக்க இப்போது இடம் இருக்கிறது. வேண்டாம் என்றால் கருவி இயங்குவதைத் தடுக்கக்கூடிய ஒரு மனிதர் இடையில் இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டாயமாக அல்லவாம், பரிந்துரையாக. எங்கள் தொழிலில் உப்பு போடுவதைப் பரிந்துரை என்று சொல்வதில்லை.

ஒப்புதல் கேட்கும் வாசகத்தை அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்த அட்டவணையில் தமிழும் இருக்கிறது, கன்னடமும் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டுமாம். இணைப்பைத் துண்டிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. அல்சூர் ஏரிப் பக்கம் எங்கள் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009-இல்தான் திறக்கப்பட்டது. காத்திருந்து பழகியவர்கள்தானே என்று நினைத்துவிட்டீர்கள் போலும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். பார்க்கும் அனுமதியையும் மாற்றும் அனுமதியையும் தயவுசெய்து பிரித்துத் தாருங்கள். தேதியை மாற்றுமுன், பதிலை அனுப்புமுன், 'செய்யட்டுமா?' என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்கச் செய்யுங்கள். அதுவரை தேதிகளைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் பேனாவால் எழுதிவருகிறேன். இந்த மடலுக்கு மனிதர் ஒருவர் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
அல்சூர் சமையல் காண்ட்ராக்டர் ஒருவர்