பிள்ளையாருக்கு எதுக்குங்க பேட்ஜ்?

கதிர்வீச்சு பாதுகாப்புக்கு விதி போடுற அதிகாரிகளுக்கு,

வணக்கம்ங்க. சேலத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல ஒன்பது வருசமா எக்ஸ்ரே எடுக்கறேன். உடம்புல ஏறுற கதிர்வீச்சுக்கு லிமிட் எல்லாம் நீங்க போட்டதுதான், எங்களுக்கு அஞ்சு வருசத்துல 100 மில்லிசீவர்ட் (கதிர்வீச்ச அளக்கற அலகு), எந்த வருசமும் 30 தாண்டக்கூடாது, வெளி ஆளுங்களுக்கு வருசத்துக்கு 1. குறை சொல்லலைங்க. ஆனா அத அளக்க நாங்க நெஞ்சுல மாட்டிக்கவேண்டிய டிஎல்டி பேட்ஜ், எங்க சென்டர்ல பிள்ளையார் படம் மாட்டுன ஆணில தொங்குது. தொலைஞ்சா காசு கட்டணுமாம், அதனால ஓனர் யாரையும் மாட்ட விடறதில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா லேபுக்கு போகுது, ஜீரோன்னு வருது. ஒழுங்கா மாட்டுனாலும் ஜீரோ வரலாம், அது வேற ஜீரோ.

போன வாரம் ராத்திரி ஏற்காட்டுல இருந்து எஸ்டேட் வேலை பாக்கறவர் ஒருத்தர், 20 ஹேர்பின் வளைவும் இறங்கி, கை ஒடிஞ்ச நாலு வயசு பையன தூக்கிட்டு வந்தார். அவர் பில் கட்ட போயிட்டார், பையன் ஒரே துள்ளல், என்கூட டியூட்டி பாக்கற பொண்ணு கதிர் தடுக்கற ஈய ஏப்ரன மாட்டிகிட்டு புடிச்சுகிட்டா. மடிச்சு மடிச்சு வெச்சு விரிசல் விட்ட ஏப்ரன். பட்டன அமுத்துனது நான். படம் எடுத்தப்புறம் தான் அழுதுகிட்டே சொன்னா, நாலு மாசம்னு. வெளிய சொன்னா வேலை போயிரும்னு பயம். வயித்துப் புள்ளைக்கு மீதி மாசம் பூரா 1 மில்லிசீவர்ட்னு விதி இருக்கு, ஆனா அந்தக் கணக்கே அவ மாசமா இருக்கேன்னு சொன்ன நாள்ல இருந்துதான் ஆரம்பிக்குது!

ஒரு கை எக்ஸ்ரேல சிதறி வர்றது ரொம்ப கொஞ்சம், பயப்படாதன்னேன். "இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவுக்கா?"ன்னு கேட்டா. பிள்ளையார்கிட்டதான் கேக்கணும்.

அதனால கேக்கறது ஒண்ணே ஒண்ணுதாங்க, எங்க டோஸ் ரிப்போர்ட் ஓனர் பீரோவோட நிக்காம நேரா எங்க போனுக்கு தமிழ்ல மெசேஜா வரணும்.

எங்க தெருவுல செல்போன் டவருக்கு ரேடியேஷன்னு பெட்டிசன் போட்டவங்களே இங்க வந்தா சாத்தாத எக்ஸ்ரே ரூம் கதவோரம் சேர் போட்டு டீ குடிக்கறாங்க, யாரச் சொல்ல. சிலிண்டர் புக் பண்ணா மெசேஜ் வருது, ரேஷன்ல சக்கரை வாங்குனா மெசேஜ் வருது, உடம்புல ஏறுனது எவ்வளவுன்னு மட்டும் வராதா? கோச்சுக்காதீங்க, வாய் நீளுது.

தயவுசெஞ்சு அந்த மெசேஜ அனுப்புங்க. கூடவே "பேட்ஜ் மாட்டுனீங்களா?"ன்னு ஒரு கேள்வியும் வெச்சா, இல்லைன்னு பதில் போடறோம். அவளுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.

இப்படிக்கு,
வேலை வேணும்கறதால பேர் போடாத ஒரு டெக்னீசியன், சேலம்